இடுப்பில் எஃகா, அலுமினியமா? தோட்டா 9-ஆ, 45-ஆ?

தற்காப்புக்கென்று தென்னாப்பிரிக்கச் சட்டம் ஒருவருக்கு ஒரே ஒரு துப்பாக்கியைத்தான் அனுமதிக்கிறது. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது. தகுதிச் சான்றிதழ் வேண்டும். உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும். உரிமம் பெற்ற துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டாக்களை மட்டுமே வைத்திருக்கலாம், அதுவும் 200க்கு மேல் கூடாது. பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளும் சமாச்சாரம் அல்ல இது. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு டர்பனின் பீனிக்ஸ், சாட்ஸ்வர்த் பக்கம் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. வாங்கத்தான் வேண்டுமா என்பது தனி வழக்கு. வாங்குவதென்று முடிவெடுத்து, பிளாஸ்டிக் சட்டகத்தின் (பிடியும் விசையும் அமைந்த உடல்பகுதி) மீது மனம் ஒட்டாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பலரும் துப்பாக்கியைப் பார்த்து மயங்கிவிட்டுத் தோட்டாவைப் பிறகு யோசிக்கிறார்கள். தோட்டாவை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 9 மி.மீ. பாரபெல்லத்தின் 8 கிராம் குண்டு விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 490 ஜூல். .45 ஏசிபியின் 15 கிராம் குண்டு 260 மீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 505 ஜூல். "நாற்பத்தைந்து பட்டால் ஆள் பறந்துவிடுவான்" என்று சொல்லும் மாமாக்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அந்தப் பதினைந்து ஜூலுக்காக நீங்கள் இழப்பது அதிகம்: பழைய 1911 வகைத் துப்பாக்கியின் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) ஏழு தோட்டாக்கள்தான், எடையோ 1.1 கிலோ.

.40 தோட்டா 1990இல் வந்தது. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் 9 மி.மீ. தங்களைக் கைவிட்டதாகக் கருதிய அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நடத்திய தேடலின் பலன் அது. அதே எஃப்.பி.ஐ. 2010களில் 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டது, இடைக்காலத்தில் குண்டுகளின் தயாரிப்பு அவ்வளவு முன்னேறியிருந்தது. இலேசான அலுமினியச் சட்டகத்தில் .40 வெடுக்கென்று உதைக்கும். இரண்டாவது குறி தாமதமாகும். எனவே 9 மி.மீ.தான். அதன் விலை குறைவு, எங்கும் கிடைக்கும், அதனால் பயிற்சியும் தடைபடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சட்டகத்தில்தான் உண்மையான போட்டி. செக் நாட்டின் சிஇசட் 75 காம்பாக்ட் முழு எஃகு. எடை சுமார் 920 கிராம். அதன் உடன்பிறப்பான பி-01 அலுமினியக் கலவை. சுமார் 800 கிராம்தான். இரண்டின் மேகசினும் 14 தோட்டாக்கள் கொள்ளும். சுடுதளத்தில் எஃகு ஒரு படி மேல்: எடை உதைப்பை விழுங்கிவிடும். ஆனால் பொது இடத்தில் துப்பாக்கி வெளியே தெரியாமல் முழுக்க மறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில், மெல்லிய சட்டைக்குள் நாள் முழுக்கச் சுமக்கும்போது அந்த 120 கிராம் இடுப்பெலும்பில் உறைக்கும். வேர்வையும் கடற்காற்றும் வேறு. எஃகுச் சட்டகத்தில் பிடியின் பக்கத் தகடுகளைக் கழற்றினால் திருகு ஓரங்களில் செம்பழுப்புப் புள்ளிகள் தென்படலாம். அலுமினியத்துக்குத் துருத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டிலும் ஸ்லைடும் (சட்டகத்தின் மேல் முன்பின் ஓடும் பகுதி) குழலும் எஃகுதான், எண்ணெய்த் துணிக்கு விடுமுறை கிடையாது.

எடையைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. பி-01இல் ஒரு நெம்புகோலை அழுத்தினால், தோட்டா உள்ளே இருக்கும்போதே, அதை வெடிக்க வைக்கும் சுத்தியல் பத்திரமாக இறங்கும். காம்பாக்டில் அது கிடையாது. சுத்தியலை ஏற்றிப் பூட்டி வைக்க வேண்டும், அல்லது கட்டைவிரலால் பிடித்தபடி விசையை அழுத்தி மெல்ல இறக்க வேண்டும். வியர்த்த விரலுக்கு இந்த இரண்டாவது வேலை ஆகாது. சிஇசட் குடும்பம் முழுவதற்கும் ஒரு குறை: ஸ்லைடு சட்டகத்துக்குள்ளே ஓடுவதால் பிடித்து இழுக்க இடம் குறைவு. விரல் வலுவில்லாதவர்கள் கடையிலேயே இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

பெரட்டா 92ஐயும், அதன் உள்ளூர் வடிவமாக நம் போலீஸார் வைத்திருக்கும் வெக்டர் இசட்88ஐயும் சிலர் கேட்பார்கள். அலுமினியச் சட்டகம், 15 தோட்டாக்கள், வெண்ணெயாக ஓடும் ஸ்லைடு. ஆனால் 950 கிராம், பருத்த பிடி, 21 செ.மீ.க்கு மேல் நீளம். போலீஸார் வெளியே தெரியும் உறையில் மாட்டிக்கொள்கிறார்கள். மறைத்து வைக்க வேண்டிய நமக்கு அது ஒத்துவராது.

என் தேர்வு பி-01, 9 மி.மீ. வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போகும் நாளில் எந்த உறையும் நிற்காது. அன்று வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போவதுதான் ஒரே வழி. .45 மோகம் விடவில்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து, தொடர்ந்து விளையாடும் வீரருக்கான 16ஆம் பிரிவில் 1911க்குத் தனியாக விண்ணப்பியுங்கள். அந்த உரிமம் பத்தாண்டுக்குச் செல்லும், 200 தோட்டா வரம்பும் அங்கே தளர்கிறது.