யூனியன் இன்கிரிமென்ட்டா, மெரிட் இன்கிரிமென்ட்டா? பாடாங் செராய் கணக்கு

போன ஞாயித்துக்கிழமை மலேசியாவுல கெடா மாநிலத்துல இருக்க எங்க ஊரு பாடாங் செராய்ல ரொட்டி சானாய் கடையில உக்காந்திருந்தப்ப அக்கா மவன் ரெண்டு ஆஃபர் லெட்டர எடுத்து மேசையில போட்டான். ஒண்ணு செம்பனை (பாமாயில்) ஆலையில டெக்னீஷியன் வேலை, யூனியன் இருக்கு. இன்னொண்ணு பக்கத்துல கூலிம் ஹைடெக் பார்க்ங்கற தொழிற்பேட்டையில பெரிய கம்பெனி, அங்க மெரிட்தான். ஆரம்ப சம்பளம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், "எதுல மாமா வருஷா வருஷம் அதிகமா ஏறும்"னு கேக்குறான். மச்சான் இன்னும் ஆலையிலதான் இருக்காரு, நான் பார்க்ல பதினாலு வருஷம் ஓட்டிட்டேன், அதனால ரெண்டு பக்கமும் வீட்டுலயே தெரியும்.

ஆலைக் கதை சீக்கிரம் முடிஞ்சிரும். யூனியனும் மொதலாளியும் போடுற கூட்டு ஒப்பந்தம், சட்டப்படி கொறைஞ்சது 3 வருஷத்துக்குப் போடணும், வருஷத்துக்கு எத்தன வெள்ளி (ரிங்கிட்) ஏறும்னு அதுலயே அச்சடிச்சிருக்கும். மேனேஜர் உங்கள பாத்து சிரிச்சாலும் சிரிக்கலனாலும் அதே காசு. ஆனா பெரட்டுக்கு, அதாவது காலையில ஆள் கணக்கு எடுக்குறதுக்கு, லேட்டா வர்றவனுக்கும் அதே காசுதான், மச்சான் இத சொல்லி பொலம்பாத நாள் இல்ல. இன்னொண்ணு, ப்ரோமோஷன் கெடச்சு எக்ஸிகியூட்டிவ் ஆயிட்டா அந்த ஒப்பந்தத்துக்கு வெளிய வந்துருவீங்க.

மெரிட்டுக்கு வருவோம், அதாவது வேலைய பாத்து ரேட்டிங் போட்டு ஏத்துற சம்பளம். பாஸ் நெனச்சா குடுப்பாருன்னு எல்லாரும் நெனைக்கிறோம், நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சேன். பாஸ் கைக்கு ஷீட் வர்றதுக்கு முன்னாடியே மொத்த சம்பளத்துல இத்தன பர்சன்ட்தான்னு மேல முடிவாயிருது. 4 பர்சன்ட்னு வைங்க, ஒருத்தனுக்கு 6 குடுத்தா அந்த ரெண்ட வேற யாருகிட்டயோ புடுங்கணும். அப்புறம் உங்க சம்பளம் கிரேடோட, அதாவது அந்த வேலைக்குன்னு வச்சிருக்க சம்பள வரம்போட, நடு ரேட்டுக்குக் கீழயா மேலயான்னு ஒரு கட்டம் பாப்பாங்க, அதே ரேட்டிங் வாங்குன ரெண்டு பேருல கீழ இருக்கவனுக்கு 6, மேல இருக்கவனுக்கு 2 கூட வரலாம். கிரேடோட உச்சிக்குப் போயிட்டா பல எடத்துல ஒரே தடவ மொத்தமா குடுத்து முடிச்சிருவாங்க, அது பேசிக்ல சேராது, அடுத்த வருஷம் பழைய எடத்துலேர்ந்துதான் ஆரம்பம்.

இதுல இன்னொரு ரகம் பெல் கர்வ், இத்தன பேருதான் நல்ல ரேட்டிங் வாங்கலாம்னு முன்னாடியே கணக்கு. மைக்ரோசாஃப்ட் 2013லயே இத தூக்கிப் போட்டுருச்சு, இங்க இன்னும் ஓடுது. லீடா இருந்தப்ப ஒரு தடவ ரேட்டிங் முடிவு பண்ற மீட்டிங்ல உக்காந்தேன். எக்ஸெல்ல என் ஆளு ஒருத்தரு பேரு 4லேர்ந்து 3க்கு நகந்துச்சு, காரணம் என்னன்னா அவரு நைட் ஷிஃப்ட், அந்த ரூம்ல இருந்த யாருக்கும் அவரு மொகமே தெரியாது. நான் எதுத்துப் பேசுனேன், அப்ப வேற யார எறக்குறதுன்னு கேட்டாங்க, வாய மூடிக்கிட்டேன். இன்னும் உறுத்துது.

கொறைஞ்ச சம்பளம் வாங்குறவங்களுக்கு இந்த மெரிட்டெல்லாம் பாதி நாடகம். குறைந்தபட்ச சம்பளம் 2022 மே மாசம் 1,500, 2025 பிப்ரவரிலேர்ந்து 1,700. அதாவது சட்டமே ஒரே தாவுல 13 பர்சன்ட்டுக்கு மேல ஏத்திருச்சு. பல வருஷம் ரெண்டு மூணு பர்சன்ட்டா ஏறி 1,720 தொட்ட அக்காவும், நேத்து சேந்த புள்ளையும் இப்ப 20 வெள்ளி வித்தியாசத்துல ஒரே லைன்ல நிக்கிறாங்க.

இன்னொரு கூத்து இபிஎஃப், அதான் ஊழியர் சேமநிதி. மாச சம்பளம் 5,000 வெள்ளி வரைக்கும் மொதலாளி பங்கு 13 பர்சன்ட், தாண்டுனா 12. 4,900 வாங்குறவருக்கு 3.5 பர்சன்ட் ஏறுனா சம்பளம் 5,071 ஆகும், மொதலாளி போடுற காசு சுமாரா 25 வெள்ளி கொறையும்! நிறைய பேரு இத கவனிக்கிறதே இல்ல.

சின்ன வயசு, கிரேடோட அடில நுழையிறான்னா மொத அஞ்சு வருஷத்துக்கு பார்க்தான் லாபம்னு சொன்னேன், கட்டத்துல கீழ இருக்கவனுக்குத்தான் பெரிய பர்சன்ட். ஆனா வீட்டுக் கடன் கட்டுறவனுக்கு மச்சானோட ஒப்பந்தந்தான் நிம்மதி, மாசம் எவ்ளோ வரும்னு அடுத்த மூணு வருஷத்துக்கும் இப்பவே தெரியும். முடிவு பண்றதுக்கு முன்னாடி அவன் கிரேடோட நடு ரேட்டு எவ்ளோன்னு பார்க் கம்பெனி எச்ஆர்கிட்ட கேக்கச் சொல்லிருக்கேன். மெசேஜ் போட்டு நாலு நாளாச்சு, ரெண்டு நீல டிக்கு மட்டும் வந்துருக்கு.