1/35 டாங்கி மாடலுக்கு நான் வைத்திருக்கும் கைக்கருவிகள்: கடலோர ஊரில் தாக்குப்பிடித்தவை எவை?

1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்காக, போர் டாங்கியின் பிளாஸ்டிக் மாடல் கட்ட எந்தக் கருவிக்குக் காசு போடலாம் என்று கேட்டால் என் பதில் சுருக்கம்தான். ஸ்புரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாகத்தை வெட்டியெடுக்கும் கட்டருக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். மற்றதில் முக்கால்வாசி மெடிக்கல் ஷாப்பிலும் செல்போன் சர்வீஸ் கடையிலும் பத்தர்களுக்குச் சாமான் விற்கும் கடையிலும் கிடைத்துவிடும். நான் இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டை. கடல் நடந்து போகிற தூரம். அதனால் ஒரு கருவி எப்படி வெட்டுகிறது என்பதோடு, உப்புக்காற்றில் எவ்வளவு காலம் துருவேறாமல் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எனக்கு மதிப்பு போட முடியும்.

முதலில் கட்டர். எலக்ட்ரீசியன் பையில் இருக்கும் கட்டிங் பிளேயர் பிளாஸ்டிக்கை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடம் வெளுத்துப்போய், பெயின்ட் அடித்த பிறகும் ஒரு சின்னப் பள்ளமாகக் கண்ணில் படும். என் மேசையில் வருடக்கணக்காக உழைப்பது மாடல் கம்பெனியான டாமியாவின் கூர்முனை சைடு கட்டர். முனை ஒல்லி என்பதால் சக்கரங்களுக்கு நடுவே, டூல் பாக்ஸ் பிடிகளுக்கு அடியில் என்று எங்கும் நுழையும். ஜப்பானின் காட்ஹேண்ட் எஸ்பிஎன்-120 கட்டர் பற்றி எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கத்தி, மறுபக்கம் தட்டையான தாங்கல்; வெட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். நண்பர் ஒருவருடையதைக் கொஞ்ச நாள் வாங்கிப் பயன்படுத்தினேன். அருமையான சாமான்தான், ஆனால் டாங்கிக்கு அவசியமில்லை. பெயின்டே அடிக்காமல் 'கன்டம்' (Gundam) என்ற ஜப்பானிய கார்ட்டூன் ரோபோ மாடல் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சுத்தம் தேவை. நாமோ கடைசியில் சேறும் புழுதியும் பூசப் போகிறோம். தடித்த ஸ்புரூவை அதில் கடித்தாலோ வெட்டும்போது திருகினாலோ மெல்லிய கத்தி உடைந்துபோகும் ஆபத்து வேறு. சாதாரண கட்டரிலேயே முதலில் பாகத்தைவிட்டுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்டி இன்னொரு வெட்டு என்று இரண்டு தடவையாக வெட்டினால் வெளுப்பு வராது.

கத்தி விஷயத்தில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. சர்ஜிகல் பிளேடு எண் 11, அதற்கு எண் 3 கைப்பிடி. ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுப் பக்கம் போனால் சர்ஜிகல் கடையில் கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தருவார்கள். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: எண் 4 கைப்பிடி 20, 21, 22 போன்ற பெரிய பிளேடுகளுக்கானது, 11 அதில் மாட்டாது. கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் இரண்டும் உண்டு. கார்பன் கூர்மை அதிகம், ஆனால் நம் ஊர்க் காற்றில் பிரித்து வைத்த ஒரு வாரத்திலேயே முனையில் பழுப்பு ஏறும். நான் கார்பன்தான் வாங்குகிறேன். ஒவ்வொரு பிளேடும் தனித்தனிக் காகிதத்தகட்டு உறையில் வருவதால் பிரிக்கும்வரை துரு அண்டாது. பிரித்துவிட்டால் மழுங்கும்வரை வேலை வாங்கிவிட்டுத் தூக்கிப்போடலாம். கழற்றும்போது விரலால் இழுக்காதீர்கள். அதே கடையில் கிடைக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் பிடித்துக் கழற்றுங்கள். அது பூட்டிக்கொள்ளும் இடுக்கி என்பதால், ஒட்டிய பாகம் காயும்வரை பிடித்து வைக்கவும் உதவும்.

இந்தப் பிளேடால் வெட்டுவதைவிடச் சுரண்டுவதுதான் அதிகம். பீரங்கிக் குழாய் இரண்டு பாதியாக வந்து ஒட்டப்படும். நடுவே கோடு நிற்கும். அலகைக் குழாய்க்குச் செங்குத்தாகப் பிடித்து மெதுவாக இழுத்தால் தேங்காய்த் துருவல் மாதிரிப் பிளாஸ்டிக் சுருள் வரும். உப்புத்தாளை மட்டும் தேய்த்தால் குழாய் உருண்டை மாறித் தட்டையாகிவிடும். முதலில் சுரண்டல், பிறகு 600, 1000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது.

அரத்துக்கு வழி காட்டியவர் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பத்தர். ஆன்லைனில் பத்து சேர்த்து விற்கும் வைரத்தூள் அரத்தைக் காட்டினேன். கட்டைவிரல் நகத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். "தம்பி, இது கீறும், அறுக்காது. பல்லு வெட்டின அரமா வாங்குங்க. தள்ளறப்ப அழுத்துங்க, இழுக்கறப்ப தூக்கிடுங்க, பல்லு நிக்கும்" என்றார். சுவிட்சர்லாந்தின் வல்லோர்ப் அரத்தில் எண் 2 வெட்டாக (பல்லின் நெருக்கத்தைச் சொல்லும் எண்) மூன்று வாங்கினேன்: அரைவட்டம், முக்கோணம், எலிவால். விலை உறைக்கும். ஆனால் வாங்கியபோது அறுத்தது போலவே இன்றும் அறுக்கிறது. பிளாஸ்டிக் தூள் பல்லிடுக்கில் அடைக்காமலிருக்க வேலைக்கு முன் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்வேன்; பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தட்டினால் எல்லாம் கொட்டிவிடும். வைரத்தூள் அரமும் சும்மா கிடக்கவில்லை. பித்தளைத் தகட்டுப் பாகங்களின் பிசிறைத் தட்ட அதுதான் சரி.

மாற்றி அமைக்கும் வேலை என்று வந்தால் ரம்பம்தான் ராஜா. 1971 போரில் பாகிஸ்தானிடம் டைப் 59 டாங்கிகள் இருந்தன. அவை சோவியத் டி-54-இன் சீன வடிவம். தூரத்திலிருந்து பார்த்தால் நம் டி-54, டி-55-க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நம் ஆட்களே நம் டாங்கியைச் சுட்டுவிடக் கூடாது என்று, இந்திய டாங்கிகளின் பீரங்கிக் குழாய் நடுவே சுட்டபின் குழாயில் தங்கும் புகையை வெளியேற்றும் உருளை போலவே ஒப்புக்கு ஒன்றை மாட்டினார்கள். (பிற்காலத்தில் 105 மி.மீ. எல்7 பீரங்கி ஏற்றியபோது அந்த இடத்தில் நிஜ உருளையே வந்துவிட்டது.) டாமியாவின் டி-55 கிட்டை இந்திய வண்டியாக்க இந்தப் பொய் உருளையை நாமே செய்ய வேண்டும். முனையில் ஏற்கெனவே நிஜ உருளை இருப்பதால் குழாயை முன்பக்கமிருந்து கோக்க முடியாது. ஸ்டைரீன் (மாடல் கிட் செய்யும் பிளாஸ்டிக்) குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பக்கமிருந்தும் அணைத்து ஒட்ட வேண்டும்.

ரம்பத்தின் தடிமன் என்ன செய்யும் என்பது இங்கே தெரியும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்ன ஹேக்ஸா தன் தடிமனுக்குப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்; இரண்டு பாதியையும் சேர்த்தால் வட்டம் வராது, முட்டை வடிவம்தான் வரும். 0.1 மி.மீ. தடிமனுள்ள ரேஸர் ரம்பத்தில் அறுத்தால் இழப்பு கண்ணுக்கே தெரியாது. பிளந்த பிறகு உள்பக்கத்தை எலிவால் அரத்தால் கொஞ்சம் சரிவாகத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் பீரங்கிக் குழாய் முன்னே போகப் போக ஒடுங்கும். அந்தச் சரிவு பொருந்தி, ஒளிக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியாமல் உட்காரும் வரை பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பதுதான் வேலை. பிறகு தண்ணீர் மாதிரிப் பசையைத் தொட்டு வைத்தால் இடுக்கு வழியே தானே ஓடிவிடும். இதற்கு பால்பென் ரீஃபில் குழாயைப் பயன்படுத்தலாமே என்று கேட்கிறார்கள். அது பாலிப்ரொப்பிலீன், மாடல் பசை அதில் பிடிக்காது.

துளைபோட பின் வைஸ். வாட்ச் ரிப்பேர்காரர்கள் விரலிடுக்கில் உருட்டுவார்களே, அதேதான். 0.4-இலிருந்து 1 மி.மீ. வரை ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் போதும். சர்க்யூட் போர்டுக்கான கார்பைடு பிட்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் கை லேசாகச் சாய்ந்தாலே ஒடிந்துவிடும். சுழலும் மின்கருவி வாங்கிவிட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். மெதுவான வேகத்தில்கூட ஸ்டைரீன் உருகித் துளையைச் சுற்றி வரப்பு கட்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியபோது, கரன்ட் போய் வெளியே தண்ணீர் நின்றது. எமர்ஜென்சி விளக்கடியில் ஒரு ஷெர்மன் டாங்கியின் பிடிக்கம்பித் துளைகள் அத்தனையும் கையாலேயே போட்டு முடித்தேன்.

டாங்கித் தகட்டில் தெரியும் ரிவெட் தலைகளைச் செய்ய வெளிநாட்டுப் பஞ்ச் செட் தேவையில்லை. 18 கேஜ் இன்ஜெக்ஷன் ஊசியின் உள்விட்டம் ஏறக்குறைய 0.84 மி.மீ.; 1/35-இல் அது நிஜத்தில் 29 மி.மீ. ரிவெட் தலை. 20 கேஜ் என்றால் 0.6 மி.மீ., நிஜத்தில் 21. ஊசியின் சாய்முனையைத் தட்டையாக அராவி, வெளிவிளிம்பைக் கூராக்கி, 0.25 மி.மீ. ஸ்டைரீன் தாளில் திருகி அழுத்தினால் வட்டத்துண்டு உள்ளே மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து மெல்லிய கம்பியால் தள்ளினால் வந்துவிடும். அறுகோண போல்ட்டுக்கு மட்டும் இது சரிவராது.

ட்வீசர் செல்போன் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் வளைந்த முனைதான்; அழுத்தம் கூடினால் பாகம் தெறித்துக் கட்டிலடியில் போய்விழும், அது எல்லா ட்வீசருக்கும் பொது. பித்தளைத் தகட்டைப் பச்சை கட்டிங் மேட்டின்மேல் வைத்து வெட்டினால் மேட் அமுங்கித் தகடு வளைகிறது. சமையலறை மேடை போட்டபோது மிஞ்சிய கடப்பா கல் துண்டில் வைத்து வெட்டுங்கள், பிளேடு சீக்கிரம் மழுங்கினாலும் தகடு நேராக நிற்கும்.

துருவுக்கு நான் நம்புவது தையல் மெஷின் எண்ணெய். கட்டரின் மூட்டில் ஒரு சொட்டு, அலகில் துணியால் ஒரு துடைப்பு, பிறகு இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசுபிசுத்து மூட்டு இறுகும். அரத்துக்கு எந்த எண்ணெயும் கூடாது, தூள் ஒட்டிக்கொள்ளும். டப்பாவும் சாக்பீஸும் போதும். எண்ணெய் தொட்ட கருவியை எடுத்தால் துடைத்துவிட்டு வேலை தொடங்குங்கள், பெயின்டுக்கு முன் மாடலைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். மார்கழி ஈரத்தில் டப்பா மூடியை ராத்திரி திறந்து வைத்தால், காலையில் ரேஸர் ரம்பத்தின் பல் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். அப்படிப் போன ரம்பத்தைத் தேய்த்து மீட்கப் பார்ப்பதைவிட புதிது வாங்குவதே லாபம்.