புயலுக்குப் பிந்தைய மின்தடையில் ஒரு பேட்டரி மின்விசிறி: மதிப்புரை

புயல் ஓய்ந்த கையோடு வெயில் சுள்ளென்று அடிக்க, ஈரம் நிறைந்த காற்று அசையாமல் நிற்க, அறுந்த மின்கம்பிகள் சீராகும்வரை வீட்டுக்குள் புழுக்கம் ஏறிக்கொண்டே போகும் நாட்களை எண்ணித்தான் லித்தியம் அயனி பேட்டரியில் இயங்கும் இந்தச் சிறு மேசை மின்விசிறியை வாங்கினேன். அப்படியொரு நீண்ட மின்தடையில் பயன்படுத்திப் பார்த்தபின் என் கணிப்பு இதுதான்: ஒருவருடைய படுக்கைக்கு அருகில் வைக்க மிக நல்ல கருவி, பெட்டியில் அச்சிட்டிருப்பதுபோல் அறையைக் குளிர்விக்கும் கருவி அன்று.

24 மணி நேரம் ஓடும் என்ற வாக்குறுதி மிகக் குறைந்த வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். இதன் பேட்டரியின் கொள்ளளவு 3.7 வோல்ட்டில் 10,000 மில்லி ஆம்பியர் மணி; அதாவது 37 வாட் மணி, ஒரு வாட் இழுக்கும் கருவியை 37 மணி நேரம் ஓட்டும் ஆற்றல். ஒன்றரை வாட் இழுக்கும் முதல் வேகத்தில் அது ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும், பத்து வாட் இழுக்கும் உச்ச வேகத்தில் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத நிலையில், கைக்கெட்டும் தொலைவில் வைத்து இரண்டாம் வேகத்தில் ஓட்டுவதே பயன் தந்தது. ஓசை மிகக் குறைவு, தலைப்பகுதி நன்றாகச் சாய்கிறது. கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் துளை வசதிதான் என்றாலும், இரவில் காற்றுக்கு வேண்டியதை அது பகலிலேயே தின்றுவிடுகிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கையேட்டில் இல்லாத ஒன்றை. மின்விசிறி காற்றின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. பெரும்பாலும் தோலின் மேலுள்ள வியர்வையை உலர்த்துவதன் மூலமே உடலைக் குளிர்விக்கிறது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை மெதுவாகவே உலரும். முதியவர்களுக்கோ வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் குறைவு. ஆகையால் கழுத்தையும் கைகளையும் ஈரத்துணியால் அடிக்கடி நனைத்துக்கொண்டு, தாகத்துக்குக் காத்திராமல் நீர் அருந்தினால்தான் இதன் காற்று முழுப் பயன் தரும். அறை வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டினால் மின்விசிறிக் காற்று உடலை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது; அந்நிலையில் குளிர்ச்சியான வேறு இடத்துக்குச் செல்வதே வழி. எனவே இதனுடன் ஒரு வெப்பமானியையும் வாங்கிவிடுங்கள். எவரேனும் உடல் கொதிக்கக் குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாமல் உச்ச வேகத்தில் வையுங்கள்.

சார்ஜ் ஏற்றும் முறையில்தான் எனக்குக் குறை. உடன் வரும் சூரியத் தகட்டின் கம்பி மிகக் குட்டையாக இருப்பதால் மின்விசிறியையும் வெயிலிலேயே வைக்க நேர்கிறது. லித்தியம் பேட்டரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் இது வடிவமைப்பின் கடுமையான பிழை. தகட்டை மட்டும் வெளியில் வைக்க நீளமான கம்பி ஒன்றைத் தனியாக வாங்கினேன். காரிலிருந்து ஏற்றுவோர், மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜெனரேட்டரையும் வீட்டுக்கு வெளியே, கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளியே வைக்க வேண்டும்.

கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ள வீட்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெரிய கூடத்தில் பலர் சேர்ந்து காற்று வாங்க எண்ணுவோர் வேறு கருவியைத் தேடலாம். வாங்குவோர் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் நிழலான இடத்தில் பாதுகாத்து, புயல் எச்சரிக்கை வந்தவுடன் முழுமையாக ஏற்றிவிட வேண்டும்.