பாரிமுனையில் 'ஹாமர் டிரில்' வாங்கப் போகிறவர்களுக்கு: சீல் பெட்டியைப் பிரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் ஒரு ரூம் எழுப்பிக்கொண்டிருக்கிறோம். பூச்சு வேலை முடிந்துவிட்டது. கர்ட்டன் ராடு, ஷெல்ஃப், தண்ணீர்ப் பைப்புக்குக் கிளாம்ப் என்று சில்லறை வேலைகள்தான் மிச்சம். மேலே இன்னும் கரண்ட் லைன் இழுக்கவில்லை. கீழ் வீட்டிலிருந்து ஒயர் இழுத்தால் படிக்கட்டு முழுக்க ஓடும், அம்மா ஏறி இறங்குகிற படி அது. அதனால் பேட்டரியில் ஓடுகிற, கான்கிரீட்டைச் சுத்தியல் மாதிரி அடித்துக்கொண்டே ஓட்டை போடுகிற ஹாமர் டிரில் ஒன்று வாங்கிவிடலாம் என்று நானும் தம்பியும் மண்ணடி மெட்ரோவில் இறங்கி டூல்ஸ் கடைகள் பக்கம் போனோம். 3,850 ரூபாய் போனது. எப்படிப் போனது என்று முழுதாக எழுதுகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று இந்தப் பக்கம் வீட்டு வேலை பார்க்கிற எல்லோரும் சாமான் வாங்க அங்கேதான் போகிறோம்.

கடைக்காரர் மேஜையில் ஒரு மெஷின் வைத்திருந்தார். செங்கல் ஒன்றை எடுத்துக் காலில் மிதித்துக்கொண்டு ஓட்டை போட்டுக் காட்டினார். சரசரவென்று இறங்கியது. "கான்கிரீட் போடுமா?" என்று கேட்டேன். "பீம், ரூஃப் எல்லாம் போடும்க்கா. 88 வோல்ட்டு, ரெண்டு பேட்டரி" என்றார். அப்புறம், "டிஸ்பிளே பீஸ் வேணாம், குடோன்லேர்ந்து சீல் பீஸ் தர்றேன்" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டோம். ஏமாந்தது அந்த இடத்தில்தான். பெட்டியின் மேல் 'ஹாமர்' என்று பெரிதாக அச்சடித்திருந்தது, நாங்கள் பிரிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னலுக்கு மேலே இருக்கிற கான்கிரீட் லிண்டலில் 6 மி.மீ. பிட்டை (ஓட்டை போடுகிற கம்பி) வைத்து அழுத்தினேன். ஐந்து நிமிஷம் ஆகியும் ஒரு நகக்கண் அளவுகூட இறங்கவில்லை. கருகிய வாடை வந்தது. பிட்டை எடுத்துப் பார்த்தால் நுனி நீலம் பாரித்திருந்தது. சுவரில் வட்டமாக ஒரு பளபளப்பு, அவ்வளவுதான். கொத்து வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி மெஷினை வாங்கி, பிட் மாட்டுகிற சக்குக்குப் பின்னால் இருக்கிற வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, இதுல சுத்தியே இல்லியே" என்றார்.

அந்த வளையத்தில் 1 முதல் 18 வரை நம்பர், கடைசியில் ஒரு டிரில் படம். முடிந்தது. நம்பர்கள் ஸ்க்ரூ முடுக்குவதற்கு, டிரில் படம் மரத்துக்கும் இரும்புக்கும். ஹாமர் உள்ள மெஷினில் இந்த இரண்டோடு சுத்தியல் படம் ஒன்றும் கட்டாயம் இருக்கும். சில மாடலில் அதற்குத் தனி வளையமே உண்டு. கடையில் ஓட்டிக் காட்டிய பீஸில் அது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, பார்க்கவில்லை. செங்கல்லில் சாதாரண டிரில்லே இறங்கிவிடும் என்பதும் அப்போது தெரியாது.

ஹாமர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு வட்டுகள் எதிரெதிராக இருக்கும். பிட்டைச் சுவரில் வைத்து அழுத்தும்போதுதான் அந்தப் பற்கள் ஒன்றோடொன்று உரசி ஏறி இறங்கும். பிட் சுற்றிக்கொண்டே நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அடி அடிக்கும். கான்கிரீட்டிலுள்ள ஜல்லி அந்த அடியில்தான் நொறுங்கும், வெறுமனே சுற்றினால் பிட் சூடேறி நுனி போய்விடும். அதனால் கடைக்காரர் மெஷினை அந்தரத்தில் ஓட்டி "சத்தம் பாருங்க" என்றால் அதில் ஒன்றுமே தெரியாது. சுத்தியல் படத்துக்குத் திருப்பி, கெட்டியான எதன் மேலாவது அழுத்திக்கொண்டு, ஸ்விட்சை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். கடகடவென்று கை அதிர வேண்டும். அதே அழுத்தத்தில் டிரில் படத்துக்கு மாற்றினால் அந்த அதிர்வு நிற்க வேண்டும்.

பேட்டரி கதை இதைவிட மோசம். பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. ஸ்டிக்கரில் 88 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு). தெரு முனையில் செல்போன் சர்வீஸ் பார்க்கிற பையன் நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தான். பத்து செல் உட்கார வேண்டிய கூட்டில் ஐந்துதான் இருந்தது. இன்னொரு வரிசையில் கறுப்பு ஸ்பான்ஜ் அடைத்திருந்தது. அதைப் பார்த்தபோது வந்த கோபம் மெஷினைப் பார்த்தபோதுகூட வரவில்லை. ஆடாமல் இருக்கட்டும் என்று யாரோ அளவெடுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பையன் சொல்லித்தான் கணக்கு புரிந்தது. லித்தியம் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து செல் வரிசையாகச் சேர்த்தால் 21 வோல்ட். கம்பெனி மெஷினில் 18 என்று போடுவதும், வேறு சிலர் 20, 21 என்று போடுவதும் இதே ஐந்து செல்லைத்தான். இன்னொரு வரிசை ஐந்து செல் வோல்ட்டைக் கூட்டாது, அதிக நேரம் ஓடத்தான். 88 வோல்ட் வர வேண்டுமென்றால் 21 செல் வேண்டும். அந்தக் கைப்பிடிக்கு அடியில் அது அடங்காது. இந்த மெஷினில் ஒட்டியிருந்த 88 முழுப் பொய்.

எடை போட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும். வழக்கமாகப் போடுகிற ஒல்லி செல் ஒன்று 45 கிராம் சுமாருக்கு வரும். பத்து என்றால் செல் மட்டுமே 450. தடித்த செல் ஐந்து போட்டும் 4 ஆம்பியர் ஹவர் தரலாம், அதுவும் செல் மட்டுமே 350 வரும். எங்கள் பேட்டரியைக் காய்கறிக் கடைத் தராசில் வைத்தோம். டப்பாவோடு சேர்த்து 315 கிராம்.

மறுநாள் கடைக்குப் போனோம். "சீலை உடைச்சிட்டீங்க, யூஸும் பண்ணிட்டீங்க" என்றார் அதே ஆள். பில்லைக் காட்டச் சொன்னார். வாங்கும்போது, "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும்க்கா" என்றதால் நாங்கள் வாங்கிக்கொண்டது ஒரு எஸ்டிமேட் சீட்டு. அதில் 'கார்ட்லெஸ் 1 செட்' என்று மட்டும் எழுதியிருக்கிறது, ஹாமர் என்ற வார்த்தை இல்லை, கடை பெயரும் இல்லை. ஜிபே போன கணக்கும் ஏதோ ஒரு தனி ஆள் பெயரில். அந்த 18 பர்சென்ட்டை மிச்சம் பிடிக்கப் பார்த்தது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஸ்பான்ஜ் அடைத்த பேட்டரியை அப்படியே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். சீட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் பத்திரமாக இருக்கின்றன.

வேலை நிற்காதே. போன வாரம் வேறு கடைக்குப் போனோம். இந்த முறை மாடியில் உடைத்துப் போட்ட கான்கிரீட் துண்டு ஒன்றைப் பையில் தூக்கிக்கொண்டு போனேன், நாலு கிலோ இருக்கும். சீல் பெட்டியைப் பிரித்து, அதே பீஸில் பேட்டரி போட்டு, என் துண்டில் ஓட்டை போட்டுக் காட்டச் சொன்னேன். முதலில் போன இரண்டு கடைகளில் முடியாது என்றார்கள், வெளியே வந்துவிட்டோம். மூன்றாவது கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டினார். 6 மி.மீ. பிட் ஒரு நிமிஷத்துக்குள் ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகுகிற பிளாஸ்டிக் குழல்) ஆழத்துக்கு இறங்கியது. மாடல் நம்பர், சீரியல் நம்பர் எழுதி ஜிஎஸ்டி பில்லும் கொடுத்தார். 10, 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டைப் பீமில் போட இது சரிப்படாது, அதற்கு மேஸ்திரியிடம் இருக்கிற, இதைவிடப் பலமாக அடிக்கிற எஸ்டிஎஸ் மெஷின்தான் என்று அவரே சொல்லியும் விட்டார்.

கான்கிரீட் துண்டு எங்கள் வீட்டுப் படிக்கட்டு அடியில்தான் இருக்கிறது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் டிரில் வாங்கக் கிளம்பினால் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு போகலாம்.