மின்னிதழ் வாசிப்பை அளப்பது: கவுன்ட்டர் அறிக்கையோடும் ஒரு கேள்வித்தாளோடும் பன்னிரண்டு ஆண்டுகள்

மின்னிதழ்களின் சந்தாவைப் புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் எங்கள் நூலகக் குழுவில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இதையெல்லாம் யாராவது படிக்கிறார்களா?" பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் பன்னிரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் துணை கவுன்ட்டர் அறிக்கைகள்: மின்னிதழ்களின் பயன்பாட்டைப் பதிப்பகங்கள் ஒரே விதிப்படி எண்ணித் தரும் கணக்கு. 2002இல் தொடங்கிய இந்த ஏற்பாடு வரும்முன், பதிப்பகத்துக்குப் பதிப்பகம் எண்ணும் முறை வேறு. நான் பொறுப்புக்கு வந்தபோது அந்த விதிகளின் நான்காம் பதிப்பு நடப்பில் இருந்தது. ஒவ்வோர் இதழிலும் முழுக் கட்டுரைகளை மாதம் எத்தனை முறை எடுத்தார்கள் என்று சொல்லும் ஜேஆர்1 என்ற அறிக்கையை எக்செல்லில் இறக்கி, பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். அதில் இருந்த ஓட்டை பிறகுதான் தெரிந்தது. சில தளங்களில் கட்டுரையைத் தொட்டாலே முழுப் பக்கமும் திரையில் விரியும். வாசகர் அதை விட்டுவிட்டு பிடிஎஃப்பை எடுப்பார். ஆள் ஒருவர், கட்டுரை ஒன்று, கணக்கில் இரண்டு!

2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பு இதைச் சரிசெய்தது. ஒரே அமர்வில் ஒரே கட்டுரையை எந்த வடிவத்தில் எத்தனை முறை திறந்தாலும், 'யூனிக் ஐட்டம் ரிக்வெஸ்ட்' என்ற அளவில் ஒன்றுதான். நாங்கள் தாராளமாகப் புதுப்பித்து வந்த ஒரு தளத்தின் எண் அந்த ஆண்டு ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. 2018ஐயும் 2019ஐயும் ஒரே கோட்டில் வரைந்து குழுவிடம் காட்டி நான் அசடு வழிந்தது தனிக் கதை.

சந்தாத் தொகையைப் பயன்பாட்டால் வகுத்து, 'ஒரு பயன்பாட்டுக்கு இவ்வளவு செலவு' என்று சொல்வது எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் வகுக்கும் எண்ணைச் சலித்தெடுக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பின் டிஆர் ஜே4 என்ற அறிக்கை, பயன்பாட்டைக் கட்டுரை வெளியான ஆண்டுவாரியாகப் பிரித்துத் தரும். நிரந்தர அணுக்கம் உள்ள பழைய இதழ்களை, சந்தாவை நிறுத்தினாலும் படிக்கலாம். அவற்றின் பயன்பாட்டை வைத்து இந்த ஆண்டுப் பணத்தை நியாயப்படுத்த முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது டிஆர் ஜே2. அனுமதி இல்லாமல் திரும்பிப் போனவர்களின் கணக்கு அது. வாங்காத இதழின் கதவை எத்தனை முறை தட்டியிருக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

சரி, எடுத்தார்கள், படித்தார்களா? ஒரு மார்ச் மாதத்தில் ஓர் இதழின் எண் மலைபோல் ஏறியது. யாரோ ஒருவர் ஒரே இரவில் தொகுதி தொகுதியாக மொத்தத்தையும் இறக்கியிருந்தார். பதிப்பகம் எங்கள் வளாக இணையத்தின் அடையாளமான ஐபி முகவரியையே முடக்கிவிட்டது. விசாரித்தால், "எப்பவாவது தேவைப்படும்னு எடுத்து வச்சேன்" என்றார் அந்த மாணவர்.

அதன்பிறகுதான் வாசகர்களிடமே கேட்கும் கேள்வித்தாளுக்கு வந்தேன். 'கடைசியாகப் படித்த ஆய்வுக் கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள்' என்று தொடங்கும் முறை அது. இதன் வேர், பொதுவாகக் கேட்காமல் நடந்த ஒரு நிகழ்வைப் பற்றிக் கேட்கும் 'முக்கிய நிகழ்வு' உத்தி; உளவியலாளர் ஃபிளனகன் 1954இல் எழுதியது. நூலகத் துறை ஆய்வாளர்களான கரோல் டெனோபிரும் டொனால்ட் கிங்கும் அறிவியலாளர்கள், பேராசிரியர்களின் வாசிப்பை அளக்க இதைப் பல ஆண்டுகள் கையாண்டார்கள். 'மாதம் எத்தனை படிப்பீர்கள்' என்று கேட்டால் ஆளாளுக்கு அளந்துவிடுவார்கள். கடைசிக் கட்டுரையைப் பற்றிக் கேட்டால் அது எப்படிக் கிடைத்தது, எதற்குப் படித்தார், எதுவரை படித்தார் என்று விவரம் வருகிறது.

முதல் ஆண்டு பதினைந்து கேள்விகள் வைத்தேன், பாதியில் ஓடிவிட்டார்கள். இப்போது ஆறு. 'சொந்தப் பணம் கொடுப்பீர்களா' என்பதையும் எடுத்துவிட்டேன், எல்லோரும் நூலகம்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். 'நூலகத்தில் இல்லையென்றால் இதைப் பெற எவ்வளவு நேரம் செலவழித்திருப்பீர்கள்' என்றால் நேர்மையான பதில் வருகிறது. குறையும் உண்டு. நிறையப் படிப்பவர்கள்தான் பதில் அனுப்புகிறார்கள், வாசித்த நேரத்தை அரை மணி, ஒரு மணி என்று முழுதாக்கிவிடுகிறார்கள்.

ஆண்டுக்கு ஒன்பதே பயன்பாடு காட்டிய ஓர் இதழை வெட்டும் பட்டியலில் வைத்திருந்தேன். அப்போது வந்த ஒரு தாளில் அந்த இதழின் பெயர் இருந்தது: இரண்டு மணி நேரம், முழுவதும், அச்செடுத்து ஓரத்தில் குறிப்பெழுதி, மூன்று மாணவர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பியாகிவிட்டது. பெயர் கேட்கவில்லை, ஆனால் ஒரு பேராசிரியர் கீழே கையெழுத்தே போட்டிருந்தார்! நான்கு வாசகர்கள், அறிக்கையில் ஒன்று. பட்டியலிலிருந்து இதழை எடுத்துவிட்டேன்.

இந்த ஆண்டு அந்த இதழின் எண் ஏழு. பேராசிரியர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அந்த மூன்று பேரிடமும் இப்போதே ஒரு தாளைக் கொடுத்து வைக்க வேண்டும்.