பெரியம்மாவுக்கு வீட்டில் ஆளா, முதியோர் இல்லமா?

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வயதான அம்மாக்கள் பலர் தனியாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் டொரொன்டோவிலும் லண்டனிலும். காசு மாதம் தவறாமல் வரும். விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் கோல் எடுத்தால் ஓடுவது கொழும்பில் மிஞ்சியிருக்கும் சொந்தம்தான். எங்கள் குடும்பத்தில் அந்தச் சொந்தம், பெறாமகளான நான்.

பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு, பிடிக்க ஆள் இல்லாமல் கட்டிலை விட்டு இறங்க முடியாது. முதலில் வீட்டில் ஆள் வைத்துப் பார்த்தோம். இப்போது இரத்மலானைப் பக்கம் கட்டணம் வாங்கும் ஓர் இல்லத்தில் இருக்கிறார். இரண்டையும் நடத்திப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். என் சாய்வு இல்லத்தின் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செலவில் நாங்கள் பெரிய வித்தியாசம் காணவில்லை. வீட்டில் என்றால் ஆளின் நாட்சம்பளம், ஏஜென்சிக்கான கட்டணம், அவருடைய சாப்பாடு, வீட்டுக் கரண்ட் பில், தொடர்மாடியின் மாதாந்தப் பராமரிப்புக் காசு எல்லாம் சேரும். இல்லத்தில் முற்பணம், மாதக் கட்டணம், அதற்குமேல் மருந்தும் பம்பர்ஸும். கட்டிலோடு இருப்பவருக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். ‘சனம் என்ன கதைக்கும்’ என்று கனடாவிலிருந்து அண்ணா கேட்டார். கதைக்கிற சனத்தில் ஒருவரும் இரவில் வந்து பெரியம்மாவைப் புரட்டிவிடப் போவதில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை.

வீட்டின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. தன் கட்டில், தன் சாமியறை, காலையில் மயூரபதி அம்மன் கோயில் மணி, வெள்ளிக்கிழமை மரக்கறி, இராமகிருஷ்ண மிஷனுக்குப் போய்வந்த வழியில் எட்டிப்பார்க்கும் சிநேகிதிகள். இவற்றை எந்த இல்லமும் தராது. இல்லத்தில் இரவுச் சாப்பாடு வெளிச்சம் மங்குவதற்குள் வந்துவிடும், கறியில் உறைப்பு இருக்காது, உடுப்புத் தோய்க்கப் போனால் இன்னொருவருடையதோடு மாறும். பெரியம்மாவுக்கு இவை உண்மையான இழப்புகள். அவற்றை நான் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன்.

பிறகும் ஏன் இல்லம்? ஆளுக்கு மாற்று ஆள் யார் என்ற ஒரே கேள்விக்காக.

கணக்கைப் பாருங்கள். வாரத்தில் 168 மணித்தியாலம். 12 மணித்தியால வேலைமுறைகளாகப் பிரித்தால் 14 முறை. ஒருவர் ஒரு நாள் ஓய்வு எடுத்து ஆறு முறை வேலை செய்தால், இரண்டு பேரால் 12 முறைதான் நிரம்பும். மிச்சம் இரண்டு முறை யாருடையவை? மூன்றாவது ஆளைத் தேட வேண்டும், அல்லது நாம் நிற்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கைப் போடாமல், தங்கி வேலை செய்ய ஒரே ஒருவரை எடுக்கிறார்கள். அவர் பகல் முழுக்கச் சமைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவிலும் எழும்ப வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கச் சொல்லித் தாதிமார் அனுப்புவார்கள். தவறினால் முதுகின் அடியிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் வரும். எயார் மெத்தை போட்டாலும் புரட்டுகிற வேலை முற்றாக நிற்காது. ஒரு மனுஷி இதை எத்தனை இரவு செய்வாள்? அவளும் படுத்தால் நித்திரை வருகிற உடம்புதானே.

எங்களிடம் வந்த பிள்ளை ஹட்டன் பக்கம். அருமையான பிள்ளை. பெரியம்மாவோடு தமிழில் கதைப்பாள், கதைத்துக்கொண்டே சோறு தீத்துவாள். கொழும்பில் இந்த வேலைக்கு வருவோரில் பலருக்குச் சிங்களம் மட்டும்தான் என்பதால், அவள் கிடைத்ததே பெரிய விஷயம். தீபாவளிக்கு ஊருக்குப் போனாள், காய்ச்சலில் படுத்துவிட்டாள், சொன்ன நாளில் வர முடியவில்லை. அவளுக்கும் ஒரு வீடு, ஒரு தாய். ஏஜென்சிக்கு அடித்தால் நாளைக்கு என்றார்கள், மறுநாளும் நாளைக்கு என்றார்கள். நான் வேலைக்கு லீவு போட்டு நின்றேன். பிறகு அவள் பராமரிப்பாளர் பயிற்சி முடித்து இஸ்ரேல் வேலைக்கு விண்ணப்பித்தாள். அங்கே கிடைக்கும் சம்பளத்தை இங்கே எந்தக் குடும்பமும் கொடுக்க முடியாது. ஜப்பானுக்கும் இப்படி ஆட்கள் போகிறார்கள். நன்றாக வேலை தெரிந்தவர் நிலைக்கமாட்டார் என்பதை எடுத்துக்கொண்டுதான் நாம் திட்டம் போட வேண்டும்.

இல்லத்திலும் இதே கதைதான், ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஆனால் ஒருவர் வராத இரவில் இன்னொருவரை நிறுத்துவது அவர்கள் பொறுப்பு. என் கைத்தொலைபேசி அடிக்காது. பெரியம்மா என்னிடம் முதலில் கேட்டதும் இதைத்தான். “ராவில கூப்பிட்டா ஆரேன் வருவினமோ பிள்ளை?” வருவார்கள், ஆனால் உடனே அல்ல. மணி அடித்தால் காத்திருக்க வேண்டும், வேறு அறையில் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் ஒருவருக்கு ஒருவர் என்று கிடைத்த கவனிப்பு இங்கே இல்லை. அதைவிட, கூப்பிட ஆள் இல்லாத இரவு ஒன்றுகூட இராது என்பது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இல்லத்தில் விட்டால் சொந்தக்காரர் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. களுபோவில வைத்தியசாலைக் கிளினிக்குக்கு இன்றும் நான்தான் கூட்டிப்போகிறேன். வார்டில் தங்கச் சொல்லி மறித்தால் பக்கத்தில் நிற்க வேண்டியதும் நான்தான்.

இல்லம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், இப்படியான இல்லங்களைப் பதியச் சொல்கிறது. அடுத்தது, இரவு வேலையில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள், அவர்களில் தமிழ் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். பகலில் வரவேற்பறையில் தமிழ் கேட்கும், இரவில்தான் அது தேவைப்படும். நெடுநாள் படுக்கையில் இருப்பவரின் குதிக்காலைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். மணி கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்குகிறதா? ஜெனரேட்டர் உண்டா? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாளை அனுபவித்தவர்களுக்கு இது புரியும். எயார் மெத்தையும் தொடர்மாடி லிஃப்டும் கரண்டில்தான் ஓடுகின்றன. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்தான், ஆனால் லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மேல்மாடியிலிருந்து நோயாளியை இறக்குவது வேறொரு பெரும்பாடு.

வீட்டில் உடம்பு பலமுள்ள இரண்டு பேர் சேர்ந்து இருந்தால் என் முடிவைப் பின்பற்ற வேண்டாம். மருமகளும் மகனும் மாறிமாறி நிற்கக்கூடிய வீட்டில், பகலுக்கு மட்டும் ஓர் ஆளை எடுத்தாலே போதும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொஞ்சக் காலத்துக்கு என்றாலும் வீடுதான் சரி. காசு இல்லாத முதியவர்களை ஏற்கும் மருதானைக் கன்னியாஸ்திரிகளின் இல்லம் போன்றவற்றில் நான் யாரையும் சேர்த்ததில்லை, ஆகவே அங்குள்ள வாழ்க்கையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மறதி நோய் உள்ளவர்களுக்கும் என் அனுபவம் போதாது. பெரியம்மாவுக்கு நினைவு தெளிவு, தானே யோசித்துச் சம்மதித்தார். இடம் மாறினால் குழம்பிப்போகிறவருக்கு இதே முடிவைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தக் குடும்பங்கள் மருதானையிலேயே உள்ள லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷனோடு முதலில் கதைப்பது நல்லது.

நாள் பார்த்துப் போக வசதி இருந்தால் சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் போய்ப் பாருங்கள். கொழும்பே ஊருக்குக் கிளம்பிவிடும் அந்த நாட்களில் இரவு எத்தனை பேர் வேலையில் நிற்கிறார்களோ, அதுதான் அந்த இல்லத்தின் உண்மையான ஆள்பலம்.