இரு கடல்களும் ஸ்வான் நிரலும்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்வான் என்னும் அலைக் கணிப்பு நிரலை, இராமநாதபுரம் கரையோரத்தில் இயற்பியல் கற்பிக்கும் நான், முதுநிலை மாணவர்களின் ஆய்வுப் பணிகளுக்காகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். விலையில்லாமல் கிடைக்கிறது, மூலநிரல் ஃபோர்ட்ரானில் திறந்தே கிடக்கிறது, சாதாரண மடிக்கணினியிலும் ஓடுகிறது. ஆனாலும் இதை நான் விடாமல் வைத்திருப்பது, இராமேசுவரம் தீவின் இருபுறமும் அலைகள் வேறு வேறு விதமாக நடந்துகொள்வதை எண்களால் காட்ட இதைவிட எளிய கருவி எனக்கு அகப்படவில்லை என்பதால்தான்.

ஸ்வான் அலைகளைத் தனித்தனியாகக் கணக்கிடுவதில்லை. கடற்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டப்புள்ளியிலும் எந்த அதிர்வெண்ணில், எந்தத் திசையில் எவ்வளவு அலையாற்றல் இருக்கிறது என்ற நிறமாலையை எடுத்துக்கொண்டு, காற்று ஊட்டுவதற்கும், நுரைத்து உடைவதிலும் கடலடி உராய்விலும் இழப்பதற்கும், அலைகள் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்கும் வரவு செலவு பார்க்கிறது. காலப்படியை, அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தை, சுருக்கியே ஆகவேண்டும் என்று 1928இல் கூரான், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகியோர் கண்ட நிபந்தனை இதன் மறைமுகத் தீர்வுமுறையைக் கட்டுப்படுத்தாததால், பத்து நிமிடக் காலப்படியிலும் கணக்கு சிதறாமல் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், நீருள்ள புள்ளிகளில் எத்தனை விழுக்காட்டில் துல்லியம் எட்டப்பட்டது, தேவை 99.50 என்று திரையில் ஒரு வரி வரும். அந்த எண் 97, 98 என்று ஏறித் தயங்கினால், மணல்திட்டுகளை ஒட்டிய புள்ளிகளைத்தான் மாணவர்கள் முதலில் திறந்து பார்க்கிறார்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஆண்கடலுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடல் திறந்து கிடப்பதால், தொலைதூரத்தில் பிறந்த நெடும்பெருக்கு அலைகள் இங்கு வந்து சேர்கின்றன. ஆதாம் பாலத்துத் திட்டுகள் அவற்றைத் தடுத்துவிடுவதால், சராசரியாக ஏறத்தாழ 9 மீட்டர் ஆழமே உள்ள பெண்கடலில் பெரும்பாலும் அங்கேயே காற்று எழுப்பும் அலைகள்தாம். தெற்கு எல்லையில் 12 வினாடிக்கு ஒன்றாக வரும் அலையைக் கொடுத்து ஓட்டினால், திட்டுகளுக்கு வடக்கே அந்த ஆற்றல் ஏறக்குறைய மறைந்துபோவதை ஸ்வான் தெளிவாகவே காட்டுகிறது.

அலை உயர வரைபடத்தை மண்டபத்தில் நாட்டுப்படகுக்காரர் ஒருவரிடம் காட்டியபோது அவர் சொன்னது: "சார், ஒசரம் கெடக்கட்டும். ரெண்டு அலைக்கு நடுவுல எவ்வளவு எடம் இருக்குன்னு சொல்லுங்க." இயற்பியல்படி அவர் கேட்டதே சரி. ஒரு மீட்டர் உயர அலை 4 வினாடிக்கு ஒன்றாக வந்தால் அலைநீளம் ஏறத்தாழ 25 மீட்டர். வல்லம் குத்திக் குத்தி எழும். அதே உயர அலை 12 வினாடிக்கு ஒன்றாக வந்தால், ஆழ்கடலில் அலைநீளம் 225 மீட்டருக்கு நீளும். படகு ஏறி இறங்குவதே தெரியாது. இப்போது வெளியீட்டுக் கட்டளையில் உயரத்தோடு அலைநீளத்தையும், உயரத்தை நீளத்தால் வகுத்து வரும் அலைச்சரிவையும் சேர்த்தே கேட்கிறோம். புதிதாகத் தொடங்குவோரும் அப்படிச் செய்வது நல்லது.

நிரலைவிட அதற்குத் தரும் தரவுதான் என் பொறுமையைச் சோதிக்கிறது. உலகக் கடல்களின் ஆழத்தைத் தொகுத்துத் தரும் ஜெப்கோவின் தரவு 15 வினாடிக் கோண இடைவெளியில், அதாவது ஏறத்தாழ 450 மீட்டருக்கு ஒரு புள்ளியாகத்தான் கிடைக்கிறது. இடம் மாறும் மணல்திட்டுக்கு அது எந்த மூலைக்கு? அதில் கடலடி எதிர்மதிப்பு, ஸ்வானுக்கோ நேர்மதிப்பு வேண்டும். தரவை வாசிக்கும் வரியில் பெருக்கெண்ணை −1 என்று கொடுத்தால் போதும். கடந்தகால வானிலையை மாதிரியும் அளவீடும் சேர்த்து மறுபடி கணக்கிட்டுத் தரும் இ.ஆர்.ஏ.5 தொகுப்பில் காற்றுத் தரவின் கட்டம் கால் பாகை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பாக் விரிகுடாவின் குறுக்கே அப்படிச் சில கட்டங்களே விழும். அவற்றிலும் கரையோரக் கட்டங்களில் நிலமும் கலந்திருக்கும். பிற்பகலில் எழும் கடற்காற்று அதில் மழுங்கித்தான் தெரியும். இதனால் வாடைக்காற்று சீராக வீசும் மாதங்களின் முடிவுகளை நான் நம்புகிறேன். கோடை மாலைகளின் முடிவுகளை நம்புவதில்லை.

ஸ்வானில் கடலடி உராய்வுக் கெழுவுக்கு 1973 வடகடல் அளவீட்டிலிருந்து வந்த 0.038 இயல்பாகவே அமைந்திருக்கிறது; காற்றலைக்கு 0.067 பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. ஆழமான தெற்கில் இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. வடக்கே, கடலடியை உரசியே அலைகள் நகரும் இடத்தில், உயரம் கண்கூடாகக் குறைகிறது. இரண்டையும் ஓட்டி ஒப்பிடுவது வகுப்பறைக்கு நல்ல பயிற்சி.

சிறு தீவுகளுக்குப் பின்னால் அலை வளைந்து நுழைவதைத் தோராயமாகவே கணக்கிடுவது இதன் குறை. துறைமுக வடிவமைப்புக்கு வேறு மாதிரி தேடுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த நீரெழுச்சி போன்றதைக் கணக்கிட, ஆட்சர்க் போன்ற நீரோட்ட மாதிரியோடு இதை இணைத்தே ஓட்ட வேண்டும். அதற்கு மடிக்கணினி போதாது, பல செயலிகள் கொண்ட கணினித் தொகுப்பு தேவைப்படும்.